சும்மா ஒரு பயத்துக்கு

கீழே அண்ணனின் சலவைக் கடை, மாடியில் தம்பியின் தையல் கடை. பாகம் பிரித்தபோது தண்ணீர்த் தொட்டி மாடியோடு போயிற்று, மின்பெட்டி கீழேயே நின்றது. அன்று வாய் தடித்து, "தண்ணிய மூடினே, கரண்ட்ட நிறுத்திடுவேன்" என்ற அண்ணன், மின்பெட்டிக்குப் பூட்டும் போட்டுவிட்டான். அதற்குப்பின் தண்ணீர் நின்றதில்லை. அண்ணன் தம்பி பேச்சுத்தான் நின்றது.

அண்ணிக்கு அந்தப் பூட்டில் ஒரு நிம்மதி. தண்ணீர் இல்லாமல் சலவைப் பிழைப்பு ஏது?

ஒருநாள் பட்டன் அறுந்த சட்டையோடு மாடி ஏறினாள். ஓரகத்தியின் கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறல். மருந்துப் புகை விடும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய பேட்டரி.

"இது எதுக்கும்மா?"

ஓரகத்தி நிமிரவில்லை. "பெரியவரு எப்பக் கோவப்படுவாரோன்னுதான் அக்கா. பாப்பாவுக்கு இழுக்கறப்போ கரண்ட் போச்சுன்னா?"

அண்ணி பட்டனை மறந்து இறங்கினாள். கீழே வந்ததும் கணவனைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவே நிறுத்துவீங்களா?"

"பைத்தியமா உனக்கு? பச்சப்புள்ள இருக்கற வீடு. சும்மா ஒரு பயத்துக்குச் சொன்னது."

"அது அவளுக்குத் தெரியாதே."

"தெரிஞ்சா தம்பி நம்ம தலைமேல ஏறி உக்காந்துக்குவான்."

"அவன் உக்காரக் கூடாதுன்னு அவ தூங்காமக் கெடக்கறா. நாம செய்யாட்டியும் செஞ்ச மாதிரிதானே?"

அவன் ஒரே சட்டையை இரண்டு முறை தேய்த்தான். பிறகு மின்பெட்டிச் சாவியை மேசையில் வைத்தான். "குடுத்துடு. தண்ணி நின்னா என்கிட்ட வராதே."

தம்பி சாவியைப் புரட்டிப் பார்த்தான். "இதுல உள்குத்து ஒண்ணும் இல்லியே அண்ணி?"

"உள்குத்து வெக்கறவ இப்படி மூச்சு வாங்க மாடி ஏறி வருவாளா?"

சில நாள் கழித்து, முழங்கை வரை நுரையோடு அவள் நிற்கையில் குழாய் இருமிவிட்டு ஓய்ந்தது. "நான் சொன்னேனா இல்லியா?" என்று அண்ணன் வாசலுக்குப் பாய்ந்தான்.

மேலிருந்து குரல் வந்தது. "அண்ணே! தொட்டியெல்லாம் பாசி. கழுவிட்டிருக்கேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும்... பேசிப் பழக்கம் விட்டுப்போச்சு."

அண்ணன் மேலே நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் கத்தினான். "தனியாவா எறங்கியிருக்கே? வழுக்கும்டா, இரு!"

சட்டைக் கையை மடித்துக்கொண்டே படியேறினான். சற்று நேரத்தில், எந்த மூலையிலிருந்து தேய்ப்பது என்று இருவரும் மேலே சண்டை போடுவது கேட்டது. அண்ணி ஈரக் கையோடு நின்று சிரித்தாள்.