இன்னும் ஒரு பேப்பர்

"இன்னும் கொஞ்சம் மேல இஸ்து கட்டுடா, காத்துல மடங்குது பாரு" என்று அறிவு மாமா கீழிருந்து கத்த, ஏணியில் நின்றவன் கயிற்றை மின்கம்பத்தில் சுற்றி இறுக்கினான். பேனர் ஒரு உதறு உதறி நிமிர்ந்தது. காலடிப்பேட்டையின் அந்தச் சின்னத் தெரு முழுக்க அண்ணாந்து பார்த்தது. பந்தலுக்குக் கீழே, ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மாயாவும் பார்த்தாள்.

கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, நடுவில் ரோஜா மாலை, மாலைக்குள் அவள் அப்பாவின் முகம். கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படம் அது. சிரிக்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், மஞ்சளில்: கெமிக்கல் இன்ஜினியர் கிருஷ்ணப்பன்.

மாயா தலையைக் குனிந்துகொண்டாள்.

வடசென்னையில் ஒருவர் செத்தால் சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் பேனர் வந்துவிடும். ஒற்றை ஆட்டோ வைத்திருந்தவர் அதில் தொழிலதிபர் ஆவார். கட்சி ஆபீசில் நாற்காலி எடுத்துப் போட்டவர் மக்கள் தொண்டர் ஆவார். படித்துப் பார்க்கிற யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. போன மனுஷனுக்குக் கொஞ்சம் கூடவே போட்டால் நமக்கென்ன குறைந்துவிடப் போகிறது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் இந்தப் பேனரில் யாரும் எதையும் கூட்டிப் போடவில்லை. அச்சடித்த அறிவு மாமா, ஏணியில் ஏறியவன், தலைமாட்டில் அழுதுகொண்டிருக்கும் அம்மா கெங்கம்மா, எல்லாரும் அதை உண்மை என்றே நம்பினார்கள். அது உண்மையில்லை என்று அந்தத் தெருவில் தெரிந்தவள் மாயா ஒருத்திதான். ஏனென்றால் அந்தப் பொய்யைச் சொன்னவளே அவள்தான்.

கிருஷ்ணப்பன் எண்ணூர் பக்கத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஆபரேட்டர். பாலிடெக்னிக் டிப்ளமோவோடு உள்ளே போனவர். வேலையை விடாமலே பேப்பர் பேப்பராக எழுதித் தேறினால் இன்ஜினியர் பட்டத்துக்குச் சமம் என்று யாரோ சொல்ல, கல்யாணமான புதிதில் பதிந்துகொண்டார். அப்புறம் அந்த வீட்டில் படிப்புக்கு ஓய்வே இல்லை. மாயா பிறந்தபோது தெர்மோடைனமிக்ஸ். அவள் பள்ளிக்கூடம் போன வருஷம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். ஹீட் டிரான்ஸ்ஃபரை ஒரே மூச்சில் தாண்டினார். ஆவிக் குழாய்களோடு பொழுதெல்லாம் நிற்கிறவருக்குச் சூடு எங்கிருந்து எங்கே போகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ரியாக்‌ஷன் இன்ஜினியரிங் படுத்தி எடுத்தது. பிராசஸ் கண்ட்ரோல், பிளாண்ட் டிசைன் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. மிஞ்சியது மாஸ் டிரான்ஸ்ஃபர் ஒன்று.

அதில் ஒரு கணக்கு. இரண்டு திரவங்கள் கலந்து கிடப்பதைக் காய்ச்சிப் பிரிக்கிற கோபுரத்துக்குள் எத்தனை தட்டு வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கிராஃப் தாளில் ஒரு வளைந்த கோடு, அதற்குக் கீழே நேர்கோடுகள், நடுவில் பென்சிலால் படிபடியாக இறங்கி வரவேண்டும். படி எத்தனையோ தட்டு அத்தனை. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கடைசியில் எப்போதும் ஒரு படி கூடுதலாக வந்து நிற்கும். "இன்னாமா இது, பேஜாரு புட்ச்ச படி" என்று அழித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து தொடங்குவார். மாயா பி.காம் முடித்து, துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஆபீசில் பில் போடுகிறவள். கேள்வியை வாசித்துக் காட்டுவதும் ரப்பரை எடுத்துக் கொடுப்பதும்தான் அவள் வேலை. அர்த்தம் தெரியாமலே அந்தப் பாடத்தின் பாதி வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடம்.

டீக்கடையில் யாராவது "இன்னா இஞ்சினியரே" என்று கிண்டலாகக் கூப்பிட்டால் அவர் கோபப்படமாட்டார். பதில் மட்டும் சொல்லுவார். "இன்னும் ஒரு பேப்பர் கீதுபா. அதுவரிக்கும் ஆபரேட்டருதான்." மாயாவின் மஞ்சள் நீராட்டுக்கு அறிவு மாமா ஆசை ஆசையாகப் பத்திரிகை அடித்து வந்தார், அக்கா புருஷன் பேருக்கு முன்னால் 'இன்ஜினியர்' என்று போட்டு. அப்பா கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திரிகையிலும் அந்த ஒரு வார்த்தையை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் அடித்தல் திருத்தலோடுதான் பத்திரிகை போயிற்று.

அப்பேர்ப்பட்ட மனுஷனை இந்தப் பேனருக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறேனே என்று மாயாவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

நேற்று மதியம்தான் அது நடந்தது. இரண்டாவது முறையாக நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கஞ்சி எடுத்துக்கொண்டு போனவள் கட்டிலோரம் உட்கார்ந்து, ரிசல்ட் வந்துவிட்டதைப் பார்த்து, போனில் அவர் பரிட்சை எண்ணைத் தட்டினாள். ஃபெயில். நிமிர்ந்தபோது ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே அவர் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. புருவத்தைத் தூக்கி, என்ன என்று கேட்டார். இன்னும் ஒரு நாள் தாங்கினால் பெரிது என்று டாக்டர் காலையில் நடையில் வைத்துச் சொன்னது அவள் காதிலேயே இருந்தது. "பாஸ், நைனா" என்றாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என்ன என்று அவளுக்கே தெரிந்தது.

அவர் ரொம்ப நேரம் அவளைப் பார்த்தார். பிறகு மாஸ்க்கைத் தானே விலக்கி, மருந்து ஏற்ற வந்த நர்ஸிடம், "சிஸ்டர், நான் பாஸாயிட்டேன். எம் பொண்ணு சொல்லுது" என்றார். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், அறிவு மாமாவுக்குப் போன் போட்டாள். விடியும்போது அப்பா இல்லை.

இப்போது துக்கத்துக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணின் கையையும் பிடித்து அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "இஞ்சினியரா போய்க்கினு கீறாரு பாருடி எங்க வூட்டுக்காரரு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இஞ்சினியரா இருந்தாரு." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் அழுகை கொஞ்சம் நின்றது.

மாயா எழுந்து போய் அறிவு மாமாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மாமா, அந்த இஞ்சினியர்ன்றத மட்டும் ஒரு பேப்பர் ஒட்டி மறச்சிடலாமா?"

"இன்னாத்துக்கு?"

"நைனாவுக்குப் புடிக்காது."

"அது அப்ப. அன்னிக்கு நான் போட்டது தப்பு, ஒத்துக்கறேன். இப்பதான் பாஸாயிட்டாரே!" மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தக் கோடு போட்ட பத்திரிகைக்குப் பதிலுதாம்மா இந்தப் பேனரு. நாலு பேரு பாக்கட்டும்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் தோளுக்குப் பின்னால் அம்மா இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பேனரைக் காட்டிக்கொண்டிருந்தாள். மாயா வாயை மூடிக்கொண்டாள்.

வெயில் சாய்கிற நேரத்துக்குக் கம்பெனி வேன் வந்தது. ஆபரேட்டர்கள் இறங்கினார்கள். ஷிப்ட் இன்ஜினியர் கீர்த்தி இறங்கினாள். கடைசியாக ஜுபைர் மாலையோடு இறங்கினான். ஜுபைரும் ஆபரேட்டர், அப்பாவுக்கு இளையவன், கேன்டீன் மேஜையில் அப்பாவோடு உட்கார்ந்து அதே பேப்பருக்குப் படித்தவன். ஒரே ஹாலில் எழுதினார்கள். ரிசல்ட்டில் இருவர் எண்ணும் அடுத்தடுத்து வரும். அவன் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

ஜுபைர் பேனரைப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"சார் பாஸாயிட்டாரா?" என்று கீர்த்தி அவனிடம் கேட்டாள். "எப்போ? என்கிட்ட நீங்க சொல்லவே இல்லயே ஜுபைர்."

தெருவில் மேளம் நின்றிருந்த நேரம். கேள்வி எல்லார் காதிலும் விழுந்தது. அம்மா நிமிர்ந்து ஜுபைரின் முகத்தைப் பார்த்தாள், அவன் வாயாலும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுபோல. மாயா பார்க்கவில்லை. அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாலைய எங்க வெக்கணும்?" என்றான் ஜுபைர்.

அறிவு மாமா ஓடி வந்து மாலையை வாங்கினார். மேளம் மறுபடி தொடங்கியது.

கொள்ளி வைக்க மாயாதான் என்று முதலில் சொன்னவரே அறிவு மாமாதான். ஒரே பிள்ளை, வேறு யார் வைப்பது? தெருவில் ஒன்றிரண்டு பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினார்கள். தெருமுனையில் பெண்கள் நின்றுகொள்ள, மாயா பூ சிதறிய ரோட்டில் ஊர்வலத்தோடு நடந்தாள். எதிரே கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயிருந்தன. ஒரு டிரைவர் கீழே இறங்கி நின்று கும்பிட்டான். ஜுபைர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நடந்தான்.

கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு மாயாவால் தாங்க முடியவில்லை.

"ஜுபைர் அண்ணா, உங்களுக்குத் தெரியும்ல?"

"ம்."

"நான்தான் பொய் சொன்னேன். அந்த நேரத்துல எனக்கு வேற ஒண்ணும் சொல்ல வர்ல."

"தெரியும்மா. அண்ணனுக்கும் தெரியும்."

மாயா நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"நடம்மா, நடந்துகினே பேசலாம்" என்றான் ஜுபைர். "நேத்து காலீலயே எனக்குப் போன் அட்ச்சாரு, ரிசல்ட் வந்துட்ச்சா பாருடான்னு. பாத்தேன். நான் பாஸு. அவரு இல்ல. எனக்கு மறைக்க வர்ல, சொல்லிட்டேன். 'அந்தப் படி மறுபடியும் ஒண்ணு கூடப் பூட்ச்சாட்டம் கீது'ன்னு சொல்லிட்டு வெச்சிட்டாரு."

"அப்ப நான் சொன்னப்ப..."

"தெரிஞ்சிதான் கேட்டுகினு இருந்துருக்காரு. சாயங்காலம் மறுபடி அட்ச்சாரு. நீ மாத்திர வாங்கப் போயிருந்த போல. மூச்சு வாங்குது, பேச முடியல, ஆனா சிரிக்கிறாரு. 'டேய், பாப்பா என்னிய பாஸ் பண்ணிட்ச்சுடா'ன்றாரு."

மாயா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"'நீ எங்கனா உளறி வெக்காத. டிசம்பர் பரிட்சைக்கு எம் பேரையும் குட்து வெய்யி. எழுதி நெசமாக்கிட்றேன். இல்லாங்காட்டி பாப்பா சொன்னது பொய்யாப் பூடும்'ன்னாரு." ஜுபைர் கைக்குட்டையை எடுக்காமல் சட்டைக் கையாலேயே மூக்கைத் துடைத்தான். "அந்த ராவே குட்துட்டேம்மா. காலீல எழுந்தா சேதி வருது."

மாயா அழுதாள். காலையிலிருந்து வராமல் நெஞ்சிலேயே நின்றிருந்த அழுகை அது. அப்பா தன்னை மன்னித்தாரா என்றுகூட அவளுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. மன்னிக்க வேண்டிய காரியமாகவே அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பெண் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டது, அப்பன் நிறைவேற்ற வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

சுடுகாட்டு வாசலை ஒட்டி ஆபீஸ் ஜன்னல். உள்ளே கண்ணாடி போட்ட ஒருவர் பெரிய நோட்டைத் திறந்து வைத்திருந்தார். பின்னால் வேறொரு வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். அறிவு மாமா ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஆதார் அட்டையையும் நீட்டினார். ஜன்னல்காரர் பெயரைக் கேட்டு எழுதினார், வயசை எழுதினார், விலாசத்தை எழுதினார்.

"இன்னா வேல?"

"கெமிக்கல் இஞ்சினியர்னு போடு சார்" என்றார் அறிவு மாமா, பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

"இல்ல சார்" என்றாள் மாயா.

மாமா திரும்பிப் பார்த்தார். ஜுபைர் அவர் தோளில் கை வைத்தான். ஜன்னல்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஆபரேட்டர்" என்றாள். "இஞ்சினியருக்குப் படிச்சிகினு கீறாரு. டிசம்பர்ல பரிட்சை."

எத்தனையோ பேரைப் பார்த்தவர் அந்த ஜன்னல்காரர். குனிந்து எழுதினார். எழுதி முடித்து நோட்டை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடுகிற இடத்தை விரலால் காட்டினார்.

மாயா குனிந்து கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதி, பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.