நாயகி அழுத காட்சி

ரைட்டரம்மா எழுதும் டி.வி. தொடரின் நாயகி இருக்கிறாளே, அடேயப்பா, கருணையே உருவானவள்! காக்கைக்கு அடிபட்டாலும் கண்ணைக் கசக்குவாள். போன மாதம் வீட்டு நகையை அவள் தம்பி திருடி மாட்டிக்கொண்டான். "அக்கா நான் இருக்கேன்டா" என்று கட்டிப்பிடித்து அழுதாள். பார்த்தவர்களெல்லாம் சேர்ந்து அழுதார்கள்.

இன்றைய காட்சியில் அதே வீட்டு வேலைக்காரி, தன் குழந்தைக்காக மருந்தைத் திருடுகிறாள். நாயகி கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவளை விரட்டுகிறாள். அதோடு அந்த வேஷம் காலி. அதைப் போட்டவளுக்கோ வேறு பிழைப்பு கிடையாது.

அவள் வசனத் தாளும் கையுமாக ரைட்டரம்மாவைத் தேடி மேக்கப் அறைக்கு வந்துவிட்டாள்.

"தம்பி திருடினப்ப கட்டிப்பிடிச்சாங்க. அந்த சீன்ல நான் காபித் தட்டோட பக்கத்துலதான் நின்னேன். எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?"

ரைட்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. கேட்பதில் நியாயம் இருக்கிறதே!

"குடு, மாத்தித் தரேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். இப்போது நாயகி திட்டவில்லை. மருந்தை அவள் கையிலேயே கொடுத்து, தலையைத் தடவி, தேம்பித் தேம்பி அழுது, "போயிட்டு வாம்மா" என்று அனுப்பி வைக்கிறாள். எழுதும்போதே ரைட்டரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேலைக்காரியாக நடிப்பவள் படித்துப் பார்த்தாள். "அப்பவும் நான் போகத்தானே போறேன்?"

"உனக்காக எப்படி அழறா பாரு!"

அவள் தாளை மடித்துக்கொண்டு செட்டுக்குப் போனாள்.

அந்தத் தொடரில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று ரைட்டரம்மா ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பாள். அதைக் கேட்டு அப்படியே சொல்வார்கள். நாயகி அழுதாள், தடவினாள், "போயிட்டு வாம்மா" என்றாள்.

வேலைக்காரி நகரவில்லை.

"எங்கேம்மா போறது? நான் இங்கயே இருக்கக் கூடாதா?"

தாளில் அப்படி ஒரு வரியே இல்லை. ஆனால் டைரக்டருக்குப் பிடித்துவிட்டது போலும், கட் சொல்லவில்லை. நாயகி திருதிருவென்று விழித்து ரைட்டரம்மா பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தாள். எல்லாரும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். 'இரும்மா' என்று ஒரு வார்த்தை போதும். அது ரைட்டரம்மாவின் வாய் வரைக்கும் வந்தது. வந்து என்ன செய்ய? அடுத்த வாரக் கதை முழுக்க இவள் இல்லாமல்தான் எழுதி வைத்திருந்தாள்.

"போயிட்டு வாம்மா" என்று மறுபடி எடுத்துக் கொடுத்தாள்.

நாயகி அதையே முன்னைவிட உருக்கமாகச் சொன்னாள். டைரக்டர் கட் சொன்னதும் ஒரே கைதட்டல். ரைட்டரம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் எல்லாரோடும் சேர்ந்து அவளும் கைதட்டினாள்.