இடப்பக்கத்துக் குழி

சென்னியப்பன் ஐந்தரைக்கு எழுந்தான். கிணற்றில் இரண்டு வாளி இறைத்து முகம் கழுவினான். மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் வைத்தான், பால் கறந்தான், காப்பி போட்டான். சர்க்கரை போடவில்லை என்பது பாதி குடித்த பிறகு தெரிந்தது. மீதியையும் அப்படியே குடித்தான். மனைவி மயிலாத்தா இறந்துபோன இந்த மூன்று மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைகள் இருந்தன, அவன் செய்தான். வேறெதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஏழரைக்கு வாளையாரிலிருந்து இரும்புப் பட்டறை பாவா வந்தார். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பக்கெட்டைக் கிடத்தியிருந்தார். இரும்புத் தகட்டை வளைத்துச் செய்த, ஒரு ஆள் படுக்கிற அகலமுள்ள பக்கெட். சின்ன டிராக்டரின் முன்னால் மாட்டி எருவையும் குளத்து வண்டலையும் அள்ளலாம். போல்ட் முடுக்க வேண்டாம். மேலே இரண்டு கொக்கி, கீழே செருக இரண்டு முளை. மாட்டலாம், கழற்றலாம், கால் மணி நேரம் போதும். சித்தூர் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்த சென்னியப்பன் நோட்டில் வரைந்து கொடுத்த படம்தான். இரும்பில் அது இன்னும் நன்றாக இருந்தது. டிராக்டரின் முன்பக்கக் கைகளையும் சட்டத்தையும் பாவா ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமே பொருத்திவிட்டார். அப்புறம் மயிலாத்தாவுக்கு டைபாய்டு. பக்கெட் பட்டறையிலேயே கிடந்தது.

எருக்குழி ஓரத்தில் குருவம்மாளும் இன்னும் நான்கு பெண்களும் கூடையோடு நின்றார்கள். இனி எருவைத் தலையில் சுமக்க வேண்டாம். பக்கெட்டின் முன்னால் நின்று சிந்துவதைத் தள்ளிக் கொடுத்தால் போதும்.

சென்னியப்பன் டிராக்டரை மெல்ல முன்னால் நகர்த்தினான். சட்டத்தின் மேல் விளிம்பு கொக்கிகளுக்குள் நுழைந்தது. டிராக்டரின் கைகளை உயர்த்தியதும் பக்கெட் தன் கனத்திலேயே பின்னால் சாய்ந்து சட்டத்தில் ஒட்டியது. பாவா வலப்பக்க முளையை விட்டார். சட்டத்தின் கீழேயிருந்த, அடி மூடிய குழிக்குள் அது போய் உட்கார்ந்தது. இடப்பக்க முளை நகக்கண் அளவு மேலே நின்றுவிட்டது.

பாவா மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்து அதன் காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். சட்டத்துக்கும் பக்கெட்டுக்கும் நடுவே ஒன்றை வலப்பக்கமும் ஒன்றை இடப்பக்கமும் செருகி, பக்கெட்டின் நுனியைத் தரையில் அழுத்தச் சொன்னார். வண்டியின் முன்சக்கரங்கள் லேசாக மேலெழுந்தன. வலப்பக்கக் காகிதத்தை இழுத்தார். கிழிந்தது. இடப்பக்கத்தது வழுக்கிக்கொண்டு முழுசாக வந்தது.

"இந்தப் பக்கம் உக்காரல தம்பி."

"ஒரு நகக்கண்ணுதானுங்களே பாய். சுத்தியல்ல ரெண்டு போட்டா எறங்கிரும்." சீக்கிரம் முடிந்தால் சரி என்றிருந்தது அவனுக்கு.

"எறங்கும். இன்னிக்கு எறங்கும். நாளைக்கு லோடு எடுக்கறப்ப அதுவே எந்திரிச்சு வரும். பக்கெட்டு கொக்கியில தொங்கும்."

"தொங்கறதுக்குக் கீழ இருக்கறது எங்க காலுங்க," என்றாள் குருவம்மாள். "உங்களுக்கு மேல சீட்டு இருக்குது." பிறகு பாவாவைப் பார்த்தாள். "ஏனுங் ராவுத்தரே, பொண்ணோட கழுத்தைப் பாக்காமயே அட்டிகை செஞ்சுட்டீங்களாக்கும்."

"பாவா அளவு தப்பாது குருவம்மா. தப்பினா நானே இதத் தலையில தூக்கிட்டு வாளையாருக்கு நடக்கறேன்."

"நடங்க நடங்க. செக்போஸ்ட் வரைக்கும் வந்து வழியனுப்பறேன்."

பெண்கள் சிரித்தார்கள். பாவா சிரிக்கவில்லை. குச்சியால் அளந்தார், முளைகளை மாற்றிப் போட்டுப் பார்த்தார். வலப்பக்கம் எந்த முளையும் உட்கார்ந்தது. இடப்பக்கம் எதுவும் உட்காரவில்லை. சுத்தியல் காலடியில்தான் கிடந்தது. அவர் அதன் பக்கமே திரும்பவில்லை. தன் பெயர் கெட்டாலும் இரும்பை ஏமாற்ற மாட்டேன் என்று குந்தியிருந்த அந்த மனிதரைச் சென்னியப்பன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். பல நாள் கழித்து எதையோ பார்ப்பது போலிருந்தது.

இறங்கி வந்து இடப்பக்கக் குழிக்குள் விரலை விட்டான். அடியில் கெட்டியாக ஏதோ இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். பொடி உதிர்ந்தது. மறுபடி நெம்பியதும் கட்டி ஒன்று பெயர்ந்து கையில் விழுந்தது. கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தாலும் உடைந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தது. சந்தனம். அதற்குள் அமுங்கி இறுகிய ஒரு செவ்வந்திப்பூ.

ஆயுத பூஜையன்று வண்டி முழுக்கப் பொட்டு வைத்தவள் மயிலாத்தா. ரேடியேட்டருக்கு, ஸ்டீயரிங்குக்கு, ஒவ்வொரு சக்கரத்துக்கும். கடைசியில் புதுச் சட்டத்தைச் சுற்றி வந்து, இடப்பக்கக் குழியில் மட்டும் சந்தனத்தை அப்பி ஒரு பூவைச் செருகினாள். ஒரு பக்கம் போதுமா என்று கேட்டான். "மூக்குத்தி ஒரு பக்கந்தானுங்களே போடறது," என்றாள்.

பாவா கட்டியைப் பார்த்தார். முளையைக் குழிக்கு நேராகப் பிடித்து விட்டார். டக் என்று உட்கார்ந்தது. காகிதத்தைச் செருகி இழுத்தார். கிழிந்தது. குருவம்மாள் கூடையை எறிந்துவிட்டுப் பக்கெட்டின் முன்னால் போய் நின்றாள்.

சென்னியப்பன் சீட்டில் ஏறினான். இடது கையில் பூ இருந்தது. மயிலாத்தா கடைசியில், 'அவரைப் பாத்துக்கங்க' என்று சொல்லிக் கண்மூடியதாக மாமியார் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். அவன் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து அவள் நிஜமாகச் சொன்னதை, ஜுரத்தில் உளறுகிறாள் என்று நினைத்து, சரி படுத்துக்கோ என்றிருந்தான்.

"பக்கெட்டு வந்தா உடனே மாட்டிராதீங்க. எடதுபக்கக் குழியில பூவு இருக்குது, எடுத்துட்டு மாட்டுங்க."