மருந்தை எறிந்த தாய்

மேர்சியும் ஜெயசுதனும் சாம்பியாவின் வடக்கே கசோங்கோ என்ற கிராமத்துக்கு ஊழியத்துக்குப் போனபோது அவர்களுடைய மகள் ஜெசிதாவுக்கு இரண்டு வயது. இலங்கையில் யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. சொந்தக்காரர் எல்லோரும் கனடாவுக்கும் லண்டனுக்கும் வழி பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் ஆபிரிக்காவுக்கு வெளிக்கிட்டதைக் கேட்டு மேர்சியின் தாய் செல்வநாயகி மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. "வெளிநாடு போறதெண்டாலும் ஒரு முறை இருக்குத்தானே," என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

அவர்களை அனுப்பியது யாழ்ப்பாணத்து அரியாலையில் இருந்த ஒரு சிறிய சபை. அதன் தலைமைப் போதகர் அருட்பிரகாசம். உயரமான மனிதர். பேச எழுந்தால் கல்லும் கரையும். "நீங்கள் அங்கை விதையுங்கோ, நாங்கள் இஞ்சை முழங்காலிலை நிப்பம்," என்று சொல்லித்தான் வழியனுப்பினார்.

கசோங்கோவின் மண் கோப்பாய்த் தோட்டங்களைப் போலவே சிவப்பு. அதைக் கண்டதும் மேர்சிக்கு மனம் கொஞ்சம் ஆறியது. மற்றதெல்லாம் புதிது. தண்ணீருக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு நாற்பது மைல். ஜெயசுதன் அந்த ஊர்ப் பாஷையை விழுந்து எழும்பிப் படித்தார். முதல் பிரசங்கத்தில் 'ஆசீர்வாதம்' என்று நினைத்து அவர் சொன்ன சொல்லைக் கேட்டுச் சபை முழுதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அடுத்த ஞாயிறு மூன்று பேர் ஆளுக்கொரு பூசணிக்காயோடு வந்தபோதுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கு விளங்கியது.

மேர்சி யாழ்ப்பாணத்தில் பயிற்சி பெற்ற தாதி. மாமரத்தடியில் ஒரு மேசையைப் போட்டுப் புண்ணுக்கு மருந்து கட்டத் தொடங்கினாள். பிறகு பிரசவங்களுக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து வருடத்துக்குள் அந்த ஊரில் நாலு குட்டி மேர்சிகள் தவழ்ந்து திரிந்தார்கள். ஊர்ப் பெண்கள் அவளை 'பானா ஜெசி' என்றார்கள். ஜெசியின் தாய் என்று அர்த்தம். ஜெசிதா அவர்களுடைய பிள்ளைகளோடு செம்புழுதியில் உருண்டு வளர்ந்தாள். தாயோடு சண்டை பிடிப்பது தமிழில். செபம் சொல்வது ஊர்ப் பாஷையில். சோளமாக் களியை உருட்டிக் கறியில் தோய்த்து விழுங்கிவிட்டு, "அம்மா, இன்னும்," என்று தட்டை நீட்டுவாள்.

சபை அவர்களுக்கு ஒரு பழைய பிக்கப் கொடுத்திருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓடக்கூடிய வாகனம் அது ஒன்றுதான்.

ஜெசிதாவுக்கு ஏழு வயது நடந்தபோது, லண்டனில் இருந்து சபைக்கு உதவி செய்யும் ஒரு தமிழ்த் தம்பதியைக் கூட்டிக்கொண்டு அருட்பிரகாசம் கசோங்கோவுக்கு வந்தார். மூன்றாம் நாள் விருந்தாளிகளை நீர்வீழ்ச்சி பார்க்கக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அன்று விடியற்புறமே ஜெசிதாவுக்குக் காய்ச்சல். மலேரியா என்று மேர்சிக்குத் தொட்டவுடனே தெரிந்தது. குளிசை கொடுத்தாள், பிள்ளை சத்தி எடுத்தது. மறுபடியும் கொடுத்தாள், அதுவும் வெளியே வந்தது.

"பாஸ்ரர், இண்டைக்கு வாகனம் நிக்கட்டும். பிள்ளைக்கு ஊசி போட வேண்டி வரும். என்னட்டை ஊசி மருந்து இல்லை," என்றாள்.

அருட்பிரகாசம் அறைக்குள் வந்து பிள்ளையின் நெற்றியில் கைவைத்துச் செபித்தார். "பயப்படாதையும் தங்கச்சி. மத்தியானத்துக்கு முன்னம் வந்திடுவம்," என்றார். விருந்தாளிகள் வெளியே பிக்கப்பில் ஏறி இருந்தார்கள். அவரும் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

மத்தியானம் பிக்கப் வரவில்லை. இரண்டு மணிக்கு ஜெசிதாவுக்கு வலிப்பு வந்தது. அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு முலெங்கா சைக்கிளை மிதிக்க, மேர்சி பின் கரியரில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஜெயசுதன் இன்னொரு சைக்கிளில் பின்னால் வந்தார். பன்னிரண்டாவது மைலில் பிள்ளையின் மூச்சு நின்றது. மேர்சி, "நிப்பாட்டு," என்றாள். முலெங்காவுக்குக் கேட்டது, ஆனால் அவன் நிப்பாட்டவில்லை. முதுகு குலுங்கக் குலுங்க இன்னும் இரண்டு மைல் மிதித்தான்.

பிக்கப் மறுநாள் பின்னேரம் வந்தது. அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. அருட்பிரகாசம் குழிமேட்டில் விழுந்து அழுதார். "றோட்டிலை வாகனம் நிண்டிட்டுது தங்கச்சி. நான் என்ன செய்ய?" என்றார். மேர்சி அதை நம்பினாள். பழைய வாகனம்; நின்றிருக்கும். லண்டன்காரர் கசோங்கோவுக்குத் திரும்பாமல் வழியிலேயே இறங்கி விமானம் ஏறப் போய்விட்டதால் அவர்களிடம் ஒன்றும் கேட்கக் கிடைக்கவில்லை. பிள்ளையைத் தனியே அந்த மண்ணில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் புருசனும் பெண்சாதியும் இன்னும் எட்டு வருடம் அங்கேயே ஊழியம் செய்தார்கள்.

செல்வநாயகி படுக்கையில் விழுந்தபின்தான் திரும்பினார்கள். தாயை அடக்கம் செய்து மூன்றாம் மாதம், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மேர்சி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்க, ஒரு பெண் வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இராசமலர் என்று பெயர் சொன்னாள். தானும் அதே சபைதான் என்றாள்.

"நீங்கள்தானே மேர்சி அக்கா? மருந்தை எறிஞ்ச தாய்?"

"என்ன மருந்து?"

"பாஸ்ரர் சொல்லேக்கை ஒவ்வொருக்காலும் அழுறனான் அக்கா. கையிலை மருந்து இருந்தும், 'ஆண்டவரே, பிள்ளை உம்முடையது' எண்டு சொல்லி யன்னலாலை எறிஞ்சிட்டீங்களாமே. உங்கடை விசுவாசத்திலை கால்வாசி எங்களுக்கு இருந்தாலும் காணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நானும் துணிஞ்சிட்டன் அக்கா. என்ரை மகள் கஜந்தினிக்கு வலிப்புக் குளிசை நிப்பாட்டி ஒரு மாதமாகுது."

மேர்சி அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"நான் ஒண்டையும் எறியேல்லை. பிள்ளை சத்தி எடுக்க எடுக்கக் குளிசையைத் திரும்ப ஊட்டினனான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லாமல்தான் அவள் செத்தவள். நடவும், உம்மடை வீட்டை. இப்பவே பிள்ளையை டொக்டரிட்டைக் கொண்டுபோறம்."

அன்று பின்னேரமே கஜந்தினிக்கு மருந்து மறுபடி தொடங்கியது. டொக்டரின் அறைக்கு வெளியே வாங்கில் இருந்த மேர்சி, இராசமலரின் போனில் அந்தப் பிரசங்கத்தை முதல்முறையாகப் பார்த்தாள். அருட்பிரகாசம் கண்ணீரோடு பேசினார். தன் பிள்ளையின் பெயரை அவர் வாயால் கேட்டாள். தான் ஒருநாளும் சொல்லாத வார்த்தைகளை அவர் குரலை மெலிதாக்கிச் சொல்லிக்காட்டுவதைக் கேட்டாள். சனம் விம்மியது. எட்டு வருடமாக ஊர் ஊராக இதைச் சொல்லியிருக்கிறார். முடியும்வரை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளங்கை இரண்டும் கொதித்தன.

வீட்டில் ஜெயசுதன் வேதாகமத்தோடு இருந்தார். அவள் சொல்லத் தொடங்கியதுமே அவர் தலையைக் குனிந்த விதத்தில் மேர்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"எப்பவிருந்து?"

"அடுத்த வருசமே எனக்கு எழுதினவர். சனத்துக்கு ஒரு எழுப்புதல் வருது எண்டு எழுதினவர். நீர் தாங்கமாட்டீர் எண்டுதான் சொல்லேல்லை." அவர் கண்ணைத் துடைத்தார். "மன்னிச்சு விடும் மேர்சி. பழி தீர்க்கிறது ஆண்டவரின்ரை வேலை."

"ஆண்டவர் எட்டு வருசமாய் அந்த வேலையைத் தொடேல்லை. இனி நான் செய்யிறன்."

அடுத்த மாதம் சபைக்கு முப்பதாவது ஆண்டு. அதே மேடையில் அருட்பிரகாசத்தைப் பேராயராக்குவதாக இருந்தது. கொழும்பிலிருந்து மூன்று பேராயர்கள் வர இருந்தார்கள். அதில் மேர்சி பத்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டு அருட்பிரகாசம் தானே வீடு தேடி வந்தார். கொஞ்சம் பயந்துதான் வந்திருந்தார். மேர்சி நீட்டிய தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பிரசங்கத்திலை அங்கினை இஞ்சினை கொஞ்சம் கூடக் குறைய வந்திருக்கும் தங்கச்சி. ஆனால் அதாலை எத்தினை ஆத்துமா மனம் திரும்பினது தெரியுமே? ஜெசிதா வீணாய்ப் போகேல்லை."

மேர்சி அவருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தாள். "நீங்கள் யோசியாதேங்கோ பாஸ்ரர். நான் வடிவாய்ச் சொல்லுறன்."

அவர் மனம் நிறைந்து போனார். அவர் போனபின் மேர்சி அந்தக் கோப்பையைக் கழுவவில்லை. கொண்டுபோய்க் குப்பைக் கிடங்கில் போட்டாள். பிறகு வந்த மூன்று வாரமும் தேங்காய் துருவும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் ஒரே கேள்விகளை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நோயாளி வந்தால் தாதி கேட்கும் கேள்விகள். எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம்? யார் கூட இருந்தது? பொய் சொல்கிற நோயாளியைப் பிடிக்க அவளுக்குத் தெரியும்.

மண்டபத்தில் அறுநூறு பேர் இருந்தார்கள். மேடையில் ஊதா அங்கி ஒன்று மடித்துத் தட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது. மேர்சியின் பெயரைச் சொன்னதும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் அந்த லண்டன் தம்பதியும் இருந்தார்கள். அவர்கள் வருவது அவளுக்குத் தெரியாது. மனைவி மார்கிரட் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மேர்சி சனத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒலிவாங்கியோடு திரும்பி, கதிரையில் இருந்த அருட்பிரகாசத்தைப் பார்த்தாள்.

"பாஸ்ரர், உங்களுக்கு ஞாபகம் கூட. நான் கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ. அண்டைக்கு என்ரை பிள்ளையின்ரை நெத்தியிலை கை வச்சனீங்கள். சுட்டதோ?"

அவர் சிரித்தபடி, "ஓம், நல்ல காய்ச்சல்," என்றார். அவருக்கும் ஒரு ஒலிவாங்கி கையில் இருந்தது.

"வாகனத்தை விட்டிட்டுப் போங்கோ எண்டு நான் கேட்டனானோ இல்லையோ?"

அவர் பேராயர்கள் பக்கம் ஒருதரம் பார்த்தார். "தங்கச்சி, சாட்சியைச் சொல்லுமன்..."

"கேட்டனானோ?"

"கேட்டீர்."

"எத்தினை மணிக்குத் திரும்பி வாறன் எண்டு சொன்னீங்கள்?"

"மத்தியானம். ஆனால் வாகனம் றோட்டிலை..."

அப்போது மார்கிரட் எழும்பினாள். "என்ன வாகனம்? ஒண்டும் பழுதாகேல்லையே," என்றாள். அவளிடம் ஒலிவாங்கி இல்லை. ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது. "நாங்கள் மத்தியானமே திரும்புவம் எண்டு கேட்டனாங்கள். இவர்தான், அவசரம் ஒண்டுமில்லை, இடம் நல்லாயிருக்கு, லொட்ஜிலை நிண்டிட்டு நாளைக்குப் போவம் எண்டவர். பிள்ளைக்குச் சுகமில்லை எண்டு எங்களுக்கு ஒரு சொல் சொல்லேல்லை. பிள்ளை செத்ததைக்கூட நாங்கள் லண்டனுக்குப் போன பிறகுதான் அறிஞ்சது."

மேர்சிக்கு அது புதிது. வாகனம் பழுதாகவில்லை. அவள் படித்து வைத்திருந்த கேள்விகளில் பாதி தேவையில்லாமல் போயிற்று. எட்டு வருடமாக அந்தப் பிக்கப்புக்காகப் பரிந்து பேசியிருந்தாள் மனதுக்குள். அருட்பிரகாசத்தின் முன்னால் போய் நின்று, ஒலிவாங்கியை வாயருகே பிடித்து மெதுவாகக் கேட்டாள்:

"பாஸ்ரர், அந்த லொட்ஜிலை இராச்சாப்பாடு என்ன?"

அவர் தன் ஒலிவாங்கியை மடியில் இறக்கினார்.

"நான் மருந்து எறியேல்லை," என்று அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள். "இவர்தான் என்ரை பிள்ளையை எறிஞ்சவர். எறிஞ்சுபோட்டு எடுத்து வித்தவர். நான் மன்னிக்கேல்லை. மேர்சி மன்னிச்சிட்டாள் எண்டு இனி ஒருத்தரும் பிரசங்கம் பண்ணக் கூடாது."

கொழும்புப் பேராயர்கள் பின்கதவால் போனார்கள். அங்கி தட்டத்திலேயே கிடந்தது. அன்றிரவு பல வருடங்களுக்குப் பிறகு மேர்சி அயர்ந்து நித்திரை கொண்டாள்.

ஒரு மாதத்துக்குள் சபை அருட்பிரகாசத்தை விலக்கியது. பிரசங்க வீடியோக்கள் காணாமல் போயின. ஆனால் அவர் ஓய்ந்துபோகிற ஆள் இல்லை. கொடிகாமத்தில் சந்தைக்குக் கிட்ட ஒரு கடையின் மேல்மாடியை எடுத்து, இருபது பேரோடு புதிய ஊழியம் தொடங்கினார். முதல் ஞாயிறு அவர் பாட்டு முடித்துக் கண் திறந்தபோது, முன்வரிசையில் மேர்சி இருந்தாள்.

அவள் ஒன்றும் பேசவில்லை, எழும்பி நிற்கவில்லை. மடியில் கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிரசங்கத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடித்தார். அடுத்த ஞாயிறும் அவள் பஸ் ஏறிப் போனாள். அதற்கடுத்த ஞாயிறும்.

"போதும் மேர்சி," என்று ஜெயசுதன் கெஞ்சினார். "அவர் விழுந்திட்டார். இன்னும் என்ன? கசோங்கோவிலை சனம் எங்களைத் தேடுது. வாரும், போவம்."

"நீங்கள் போங்கோ. எனக்கு இஞ்சை ஊழியம் இருக்கு."

அந்தச் சொல்லைக் கேட்டு அவர் அவளை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பங்குனியில் தனியே வெளிக்கிட்டார். படலையடியில் நின்று, "பிள்ளையின்ரை குழியடியிலை புல்லு வளர விடாதேங்கோ," என்று மட்டும் மேர்சி சொன்னாள். அவருக்காக அழத்தான் நினைத்தாள். ஆனால் அன்று சனிக்கிழமை. அடுத்த நாள் உடுக்கும் சீலைக்கு மடிப்புப் போட வேண்டியிருந்தது.

சித்திரை கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து சனம் இறங்கிப் போனபின் அருட்பிரகாசம் மேர்சியிடம் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் போகும்.

"நான் வாயைத் திறந்தால் உம்மடை முகம்தான் தெரியுது. செபிக்கக்கூட ஏலாமல் கிடக்கு. சபை போச்சு, பேர் போச்சு. இன்னும் உமக்கு என்னதான் வேணும்?"

"ஒண்டும் வேண்டாம் பாஸ்ரர். பிரசங்கம் கேக்கத்தான் வாறன்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"நீங்கள் எட்டு வருசம் சொன்னீங்கள். நான் இப்பதான் தொடங்கியிருக்கிறன்."

அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று தெரிந்தது. இந்தமுறை நடிப்பில்லை என்பதும் தெரிந்தது. மேர்சி அதை நிதானமாக நின்று பார்த்தாள். மனம் ஆறிவிட்டதா என்று தன்னைத் தானே கேட்டுப் பார்த்தாள். ஆறவில்லை. ஆனால் நல்ல பசி எடுத்தது.

கீழே இறங்கிச் சந்தைக்கு எதிரே இருந்த கடையில் இடியப்பமும் சொதியும் சொல்லி வயிறாறச் சாப்பிட்டாள். பிறகு யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸை மறித்து ஏறினாள்.