மாலை போட்ட உடும்பு

சிவநேசனுக்கு இட்டுக்கட்டிப் பேச வராது. அதுவே அவருக்கு வினையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேர் பினாங்கு தண்ணீர்மலைப் பூங்காவில் நடப்பார்கள். சிவநேசன் பள்ளி வேன் ஓட்டுபவர், ஐம்பத்தெட்டு வயது. அப்துல் ரஹீம் பினாங்கு ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், ஒன்றாம் வகுப்பிலிருந்து சிவநேசனின் கூட்டாளி. ருக்குமணி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற தாதி, பூங்காவுக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடியில் குடியிருக்கிறார். நடை என்பது பெயருக்குத்தான். ஒரு சுற்று முடிவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அப்புறம் வாசலுக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் டீக்கு உட்கார்ந்து, அந்த வாரம் யார் என்ன பிராணியைப் பார்த்தார்கள் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அதற்காகவே வாரம் முழுக்க மூன்று பேரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அலைந்தார்கள். தஞ்சோங் தொக்கோங்கில் பெரிய சாக்கடைக்குள் ஐந்து நீர்நாய்கள் வரிசை கட்டிப் போனதை ரஹீம் கொண்டுவந்தார். ருக்குமணி அக்காவின் குசினி ஜன்னலுக்கு ஓர் இருவாட்சிப் பறவை வந்து, கண்ணாடியில் தன்னையே பார்த்துக் கோபப்பட்டு அரை மணி நேரம் கொத்திவிட்டுப் போனது. ஒரே ஒரு சட்டம் உண்டு. படம் இல்லாத கதை கணக்கில் சேராது. சட்டம் போட்டவர் ருக்குமணி அக்கா. அவர் சட்டம் போடாத விஷயமே கிடையாது. குரங்குக்கு யாராவது ஒரு துண்டு ரொட்டி நீட்டினால் போதும், வெள்ளைக்காரனாக இருந்தாலும் நிறுத்தி வைத்துப் பாடம் எடுப்பார். ஆற்றில் ஒரு பிளாஸ்டிக் பை மிதந்தால் போட்டவனைத் தேடிப் போவார்.

அந்த ஞாயிறு சிவநேசனின் முறை வந்தது.

"நேத்து காலையில இங்க பூங்கா பாலத்துக்குக் கீழ ஒரு உடும்பு பார்த்தேன். நாலடி இருக்கும். கழுத்துல மாலை போட்டிருந்துச்சு."

ரஹீம் குடித்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது.

"என்ன மாலை?"

"மஞ்ச சாமந்தி. நடுவுல ரோஜாப்பூ. கீழ ஜிகினா குஞ்சம் கூட தொங்குச்சு. ஆத்துலேர்ந்து ஏறி, மெதுவா நடந்து புதருக்குள்ள போயிருச்சு."

"பொண்ணு வீட்டுக்காரங்க யாரும் வரலையா?"

"சத்தியமா ரஹீம்."

"படம் எங்க?"

"போன் வேன்ல சார்ஜ்ல கிடந்துச்சு."

"அப்ப கணக்குல சேராது லா. நாளைக்குக் கடைக்கு வா. உன் கண்ண நான் பாக்கணும்."

ருக்குமணி அக்காதான் அதிகமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே டீயைக் கலக்கினார், கலக்கிக்கொண்டே இருந்தார். சிவநேசனும் சிரித்தார். மாப்பிள்ளை உடும்பு என்று அன்றே வாட்சாப்பில் பெயர் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் இரண்டு பள்ளி நடைக்கும் நடுவில் நேரம் இருந்தது. விளையாட்டாகத்தான் சிவநேசன் கடைக்குப் போனார். ரஹீமும் விளையாட்டாகத்தான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரைக்கும் படித்தார் சிவநேசன்.

"ஆறுக்கு ஆறு. நம்ம வயசுல இந்தப் பார்வை யாருக்கு இருக்கு? கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, போ."

நல்ல சேதி சொன்ன நினைப்பில் ரஹீம் அவர் முதுகில் தட்டினார். சிவநேசன் நாற்காலியை விட்டு எழவில்லை. கண்ணில் கோளாறு இல்லையென்றால் வேறு எங்கே?

பத்து காவான் எஸ்டேட்டில் இருந்தபோது அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, வாசலில் யானை நிற்கிறது என்றார். வீடே சிரித்தது. சிவநேசனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த மாதம் யானை வீட்டுக்குள் வந்தது. ஒரு வருடத்தில் அப்பா, சிவநேசனைப் பார்த்து, தம்பி நீ யாரு வீட்டுப் பிள்ளை என்று மரியாதையாகக் கேட்டார். அப்போது அப்பாவுக்கு அறுபது.

அன்றிலிருந்து சிவநேசன் தன்னைத்தானே வேவு பார்க்க ஆரம்பித்தார். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினால் அதையும் கணக்கில் சேர்த்தார். புதன்கிழமை சிக்னலில் பச்சை விழுந்தும் ஒரு நொடி நின்றுவிட்டார். "அங்கிள், பச்சை," என்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை கத்தியது. போன மாதம் என்றால் அதை ஒரு பொருட்டாகவே எடுத்திருக்க மாட்டார். இப்போது கண்ணாடியில் பிள்ளைகளை எண்ணினார். வேனில் பதினொரு பிள்ளைகள். இல்லாத மாலையைப் பார்க்கிற கண், நாளைக்கு இருக்கிற லாரியைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்?

தினமும் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகப் பாலத்துக்குப் போனார். ஐந்து நாளில் ஏழு உடும்பைப் பார்த்தார். ஒன்றின் கழுத்திலும் ஓர் இதழ்கூட இல்லை. வெள்ளிக்கிழமை மாக் மண்டினில் தொழிற்சாலை பஸ் ஓட்டும் அர்ஜுனனுக்குப் போன் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து வேனை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அர்ஜுனன் காரணம் கேட்டதற்கு, உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னார். மனைவியிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

ஞாயிறு வந்தது. அவர் முறையும் வந்தது.

"நான் ஒண்ணும் பார்க்கல," என்றார் சிவநேசன்.

"ஏன், மாப்பிள்ளை ஹனிமூன் போயிட்டாரா?" என்று ரஹீம் எடுத்துக்கொடுத்தார்.

வழக்கமாகச் சிரிக்கிற இடம். சிவநேசனின் உதடு கோணிக்கொண்டு போனது. வாயைத் திறந்தார், எல்லாம் கொட்டிவிட்டது. அப்பா, யானை, பச்சை விளக்கு, பதினொரு பிள்ளைகள், அர்ஜுனன். "கண்ணு நல்லாருக்குன்னு நீதான சொன்ன ரஹீம். அப்ப மண்டதான. நாளையிலேர்ந்து வேன விட்டுறேன்."

ரஹீம் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சிவா," என்றார் ருக்குமணி அக்கா. அவர் முகம் வெளுத்திருந்தது. "அந்தக் குஞ்சம் என்ன கலரு?"

"தங்கக் கலரு. ஒரு பக்கம் பிய்ஞ்சிருந்துச்சு."

"அது என் மாலைப்பா."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் திதி. அவர் படத்துக்குப் போட்ட மாலை. சனிக்கிழமை விடியக்காலையில கொண்டுவந்து பாலத்துலேர்ந்து ஆத்துல விட்டேன். வருஷா வருஷம் விடுவேன். அவர் கழுத்துல கிடந்தத குப்பைத் தொட்டியில போட எனக்கு மனசு வரல. யார் காலும் பட்டுறக் கூடாதுல்ல."

"அப்ப போன வாரமே..." என்று ரஹீம் ஆரம்பித்தார்.

"தெரியும். சிவா சாமந்தின்னு சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு. ஊரையே ஆத்துல குப்ப போடாதன்னு திட்டுறவ நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? சிரிச்சுட்டுப் போயிருவீங்கன்னு நெனச்சேன். இப்படி ஒன்ன உள்ளுக்குள்ள அரிக்கும்னு தெரியாதுடா தம்பி. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்." அக்கா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

கோபம் வரவேண்டிய இடம்தான். ஆறு நாள் தூக்கம் போயிருக்கிறது, ஒரு வேன் கைவிட்டுப் போக இருந்தது. ஆனால் சிவநேசனுக்குக் கோபம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மாலை இருந்திருக்கிறது. சாமந்தி இருந்திருக்கிறது. பிய்ந்த குஞ்சம்வரைக்கும் அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். எழுந்து அக்காவின் காலில் விழலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன பயம் லேசில் விடுமா? மாலையை விட்டது உண்மை, அதை உடும்பு போட்டுக்கொண்டதற்கு யார் சாட்சி என்று அது கேட்டது. சிவநேசன் எழவே இல்லை.

"எந்திரி," என்றார் ரஹீம்.

"எங்க?"

"போய்ப் பார்ப்போம். உடும்பு எங்கயும் வாடகைக்குக் குடி போயிருக்காது. இங்கதான் இருக்கும்."

மூன்று பேரும் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது. ஓர் உடும்பு வந்தது, வெறுங்கழுத்து. இன்னொன்று வந்தது, அதுவும் அப்படியே. ரஹீமுக்குக் கடை திறக்கிற நேரம் தாண்டிவிட்டது. மகனுக்குப் போன் போட்டுக் கடையைத் திறக்கச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். ருக்குமணி அக்கா மட்டும் பாலத்துக்குக் கீழே இறங்கி, குனிந்து, புதரைக் கிளறிக்கொண்டே போனார்.

"சிவா!"

அது அக்காவின் அதட்டல் குரல், வார்டையே எழுப்பிய குரல். இரண்டு பேரும் விழுந்தடித்து இறங்கினார்கள்.

மூங்கில் தூருக்கு அடியில் படுத்திருந்தது உடும்பு. பூவெல்லாம் அழுகி உதிர்ந்துபோய் நாலைந்து கருகிய காம்புகள்தான் மிச்சம். நைலான் நூல் கழுத்தையும் ஒரு முன்னங்காலையும் சேர்த்து இறுக்கியிருந்தது. அதன் ஓரத்தில் தங்கக் கலர் குஞ்சம், ஒரு பக்கம் பிய்ந்தபடி, சேற்றில் தோய்ந்து கிடந்தது.

"இருக்கு லா," என்றார் ரஹீம். "சிவா, இருக்கு லா!"

சிவநேசன் ஈர மண்ணிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். ரஹீம் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் படம் எடுத்தார். சட்டம் சட்டம்தானே.

வனவிலங்கு இலாகாவுக்குப் போன் போட்டது ருக்குமணி அக்கா. நூலைப் போட்டது நான்தான் என்று மலாயில் முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரத்தில் இரண்டு பேர் சுருக்குக் கம்போடு வந்து, அதன் தலையில் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கி, கத்தரியால் நூலை வெட்டினார்கள். தோல் சிவந்திருந்தது, காயம் ஆழமில்லை என்றார்கள். சாக்கை எடுத்ததும் உடும்பு யாரையும் திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கியது. அறுந்த நூலை அக்கா கேட்டு வாங்கி, சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வருஷம் வாழ நாருல கட்டச் சொல்லி, பூவ உதிர்த்து என் பூந்தொட்டி மண்ணுலயே போட்டுறேன். அவரும் வீட்டோட இருந்த மாதிரி இருக்கும்."

ஒட்டுக்கடைக்குத் திரும்பி நடக்கும்போது சிவநேசனுக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. யானை இருந்திருக்காதுதான். அப்பாவுக்கு வந்தது நோய்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டை விட்டு எழுந்து, வாசல்வரைக்கும் போய், ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. சிவநேசனும் பார்க்கவில்லை. அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது, நன்றாகவே வலித்தது. முன்னால் ரஹீமும் அக்காவும் முழங்கால்வரை சேற்றோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்ததும் முதல் வேலையாக அர்ஜுனனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, நாளைக்கு வர வேணாம். வேன நானே ஓட்டுறேன்."

"என்னண்ணே, உடம்பு சரியில்லன்னீங்க? டோக்டர் என்ன சொன்னாரு?"

"டோக்டர்லாம் இல்லடா. ஒரு உடும்பு. கழுத்துல மாலை போட்டிருந்துச்சு. நான் பார்த்தேன்."

அர்ஜுனன் ரொம்பப் பக்குவமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான்.

"அண்ணே... வீட்டுல அண்ணி பக்கத்துல இருக்காங்களா?"

சிவநேசன் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு வாரமாக வராத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு வந்தது. ரஹீம் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அர்ஜுனா, நானும் பார்த்தேன் லா. அக்காவும் பார்த்தாங்க. இரு, படம் அனுப்புறேன்."