பகல் வியர்வை

காலை ஏழே காலுக்கு நான் வேலை முடிந்து வந்து அறைக் கதவைத் திறந்தபோது, அருட்பிரகாசம் அண்ணை கட்டிலில் இருந்தபடி படுக்கை விரிப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு படும் இடத்தில் செம்மஞ்சளாக ஒரு கறை.

“என்னடா சிவானந்தன், மஞ்சள் பூசிக்கொண்டே படுக்கிறனி? பொம்பிளை வீட்டுக்காரர் ஆரும் பாக்க வருகினமோ?”

“சட்டைச் சாயம் அண்ணை. தோய்ச்சாப் போகும்.”

“எந்தச் சட்டை? உன்னட்டை இருக்கிறதெல்லாம் சாம்பல் நிறந்தானே.”

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமி முடித்து, சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பெற்றோல் ஷெட் வேலைக்குப் போனார்.

அந்தக் கட்டில் இரவு அவருக்கு, பகல் எனக்கு. கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் அந்த வருடங்களில் பல கட்டில்கள் அப்படித்தான் ஓய்வில்லாமல் உழைத்தன. நான் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். நான் படுக்கும்போது மெத்தை அவருடைய சூட்டோடு இருக்கும். அவர் படுக்கும்போது என்னுடைய சூடு இருந்திருக்க வேண்டும். இரண்டு வருடமாக இன்னொரு மனிதனின் சூட்டில் தூங்கியிருக்கிறேன், ஒருநாளும் அது எனக்குத் தொந்தரவாக இருந்ததில்லை. அன்று காலை இருந்தது. அந்த இருமலை எனக்குத் தெரியும்.

கறை மாத்திரையால் வந்தது. எனக்குக் காசநோய் என்று எண்பத்தொன்பது மார்ச்சில் கண்டுபிடித்தார்கள். ஆறு மாதம் விழுங்க வேண்டிய மருந்தில் ஒரு சிவப்புக் குளிகை உண்டு. அது சிறுநீரையும் வியர்வையையும் செம்மஞ்சளாக்கும். கண்ணீரும் அப்படித்தான் வரும் என்று தாதி சொன்னார். அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை.

பொலிடெக்னிக்கில் மின்பொறியியல் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டவன் நான். பெரிய காரணம் ஒன்றுமில்லை. விடிய வேலை முடிந்து வகுப்புக்குப் போய்த் தூங்கினேன். பிறகு போகாமலே தூங்கினேன். எழும்பினால் நாளில் மிஞ்சியிருப்பது பின்னேரம் மட்டும். அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வான்ஸ்டெட் புல்வெளியைச் சுற்றி ஓடத் தொடங்கினேன். ஒரு சுற்று மூன்றானது, மூன்று ஆறானது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் இடம் மாறிப் போகும்போது தந்த பத்துக் கியர் சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமைகளில் எப்பிங் காடு வரை போய் வந்தேன். ஜூனில் நடக்கும் லண்டன் - பிறைற்றன் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். ஐம்பத்துநாலு மைல். வாழ்க்கையில் நானாகப் பெயர் கொடுத்த முதல் காரியம் அதுதான்.

அந்தக் குளிர்காலம் ஒன்பது கிலோ குறைந்தேன். பயிற்சி பிடிக்கிறது என்று நினைத்தேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, பயிற்சி போதாது என்று நினைத்தேன். இருமலுக்குக் காரணம் சொல்ல மாவுத்தூசி இருந்தது. ஜனவரியில் டொக்டரிடம் போனபோது இரவில் வியர்க்கிறதா என்று கேட்டார். நான் இரவில் நிற்பது பாண் வேகும் போறணை வாயில். அங்கே எல்லோருக்கும் வியர்க்கும், அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? இல்லை என்றேன். அவரும் எழுதிக்கொண்டார். பகலில் தூங்கும்போது தெப்பமாக நனைந்து, மத்தியானம் எழும்பி மெத்தையைப் புரட்டிப் போட்டுவிட்டு மறுபடி படுப்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரவில் தூங்குகிறவர்களுக்கான கேள்வி அது. இருமலுக்கு ஒரு பாணி மருந்து தந்து அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து, தனியாகப் போன ஒரு ஞாயிறு, பக்ஹேர்ஸ்ட் ஹில் ஏற்றத்தில் இரத்தமாகத் துப்பினேன்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் தனியறையில் வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு, சட்டனில் இருக்கும் மாமியிடம் போவதாகச் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தபோது அருட்பிரகாசம் அண்ணை, “மாமி பட்டினி போட்டவவோ?” என்று கேட்டுவிட்டு, தன் இடியப்பத்தில் பாதியை என் கோப்பைக்குத் தள்ளினார்.

நெஞ்சு கிளினிக்கில் தாதியாக இருந்தவர் மேரிறோஸ் என்ற யாழ்ப்பாணத்துக் குருநகர் மனுசி. அவரைக் கண்டதும் எனக்கு ஆறுதல் வரவில்லை, பயம்தான் வந்தது. தமிழர் ஒருவருக்குத் தெரிந்தால் ஈஸ்ட்ஹாமுக்கே தெரியும். யாரோடு வசிக்கிறாய் என்ற படிவத்தில் ‘ஒருவருமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். ஏப்ரலில் மருந்து எடுக்கப் போனபோது அதே படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“தம்பி, நான் இஞ்சை பதினாலு வருசம். பிளேஸ்டோவிலை தமிழ்ப் பெடியன் ஒருத்தன் தனி வீட்டிலை இருக்கிறானெண்டு எனக்குக் கதை விடாதை.”

நான் படிவத்தின் மூலையை மடித்து விரித்தேன்.

“கோப்பையாலையோ பாய் படுக்கையாலையோ வராது. மூச்சாலைதான் வரும். ஒரே அறையிலை கிடந்தவை ஆரெண்டாலும் நெஞ்சுப் படம் எடுக்கோணும், அவ்வளவுதான். நீ ரெண்டு கிழமை மருந்து எடுத்த பிறகு உன்னாலை ஆருக்கும் பயமில்லை. நான் கேக்கிறது அதுக்கு முந்தினதை. உன்ரை பேரும் வெளியிலை வராது.”

படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அங்கேயே வைத்திருந்தேன். கீழ் அறையில் இருந்த வீட்டுக்காரர் ஸ்ரீஸ்கந்தராஜா, கொப்பளிப்பான் அம்மை வந்த ஒருவனுடைய பையைத் தூக்கி நடைபாதையில் வைத்தவர். அதைவிட, எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் ஒன்றும் இருந்தது. நானும் அருட்பிரகாசம் அண்ணையும் ஒரே கட்டிலில் படுத்தாலும் ஒரே நேரத்தில் படுத்ததில்லை. நல்ல நியாயம்தான். ஆனால் குளிர்கால ஞாயிறுகளில் மழை பெய்தால், ஜன்னல் விளிம்பெல்லாம் குளிர்காற்றுப் புகாமல் பசை ரேப் ஒட்டி, ஹீற்றரைப் போட்டு, அவர் கட்டிலிலும் நான் நிலத்திலுமாக முழுநாளும் வீடியோ பார்த்துக் கிடந்திருக்கிறோம். அந்தக் கணக்கு என் நியாயத்தில் சேரவில்லை.

அவர் மாசியிலிருந்து என்னோடு சைக்கிள் ஓட வந்தார். மனைவி கலாவதிக்கு விசா கிடைத்துவிட்டது; ஜூலையில் மகளோடு வருகிறார். எண்பத்தைந்தில் இவர் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது பிள்ளை வயிற்றில். “அவள் கட்டினது ஒல்லியான மனுசனை, ஹீத்ரோவிலை இந்த வண்டியைக் கண்டா அடுத்த பிளேனிலை ஏறியிடுவாள்” என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். எங்கேயோ ஒரு பழைய சைக்கிளைப் பிடித்தார். டொக்டர் எனக்கு இந்த வருடம் பிறைற்றன் வேண்டாம், மெதுவாக ஓடலாம் என்று சொல்லியிருந்தார். அதனால் நான் பின்தங்குவதை அவர் தன் முன்னேற்றம் என்று நினைத்தார்.

கறையைப் பார்த்த அந்தக் கிழமை ஞாயிறு நல்ல வெயில். மே மாதம். காலை வான்ஸ்டெட், வுட்ஃபோர்ட் வழியாகப் போனோம். பக்ஹேர்ஸ்ட் ஹில் ஏற்றத்தில் பாதிக்கு வந்ததும் அவர் இறங்கி, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு இருமினார். நான் பக்கத்தில் நின்றேன். பிறகு சட்டையைத் தூக்கி பெல்ற்றைக் காட்டினார். ஆணியைச் சூடாக்கித் தானே போட்ட மூன்று புது ஓட்டைகள்.

“பார், மூண்டு மாசத்திலை. உன்னைப்போல வந்திட்டன். மூச்சுத்தான் இன்னும் பிடிபடேல்லை. பயிற்சி காணாது.”

அது என்னுடைய வசனம். குளிர்காலம் முழுக்க நான் எனக்குச் சொல்லிக்கொண்டது.

“அண்ணை, படுக்கேக்கை வியர்க்குதோ?”

“ஓமடா, நனைஞ்சு போகுது. நான் நினைச்சன், உன்ரை சூடு எண்டு. நீ பகல் முழுக்கக் கிடந்து மெத்தையைக் காய்ச்சி வைச்சிட்டுப் போறாய், அது இரவிலை வருகுதாக்கும் எண்டு.”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு முன்னாலிருந்த மதிலில் செங்கல் ஒன்று பெயர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“எனக்குக் கசம் அண்ணை. அந்தக் கறை குளிசையாலை. சட்டைச் சாயம் இல்லை.”

ஒரு பஸ் ஏற்றத்தில் முனகிக்கொண்டு எங்களைக் கடந்தது.

“எப்பவிருந்து?”

“மார்ச்சிலை தெரியும்.”

“இப்ப மே.”

“ஓம்.”

“சட்டனிலை மாமி இருக்கிறாவோ?”

“இல்லை.”

அவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டார். கையால் முகத்தைத் துடைத்து, அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பிள்ளையை நான் இன்னும் ஒருக்காலும் தூக்கேல்லையடா” என்றார்.

குணமாகும் வியாதி, படம் எடுத்தால் தெரிந்துவிடும், ஜூலைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று மேரிறோஸ் சொல்வது போலச் சொல்லியிருக்கலாம். அத்தனையும் உண்மை. ஏப்ரலிலிருந்து சட்டைப் பைக்குள் வைத்திருந்துவிட்டு அதை எடுத்து நீட்ட வாய் வரவில்லை. அவர் சைக்கிளில் ஏறினார். வீட்டுப் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. மேலேயே மிதித்தார். நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு மிதியாக. நான் பின்னால் போனேன். முந்தவில்லை. அவர் இருமியபோதெல்லாம் அவருடைய முதுகு சட்டைக்குள் சுருங்கி விரிவது தெரிந்தது. காடு வரைக்கும் போய், நிற்காமல் சுற்றி, அதே வழியால் திரும்பினோம்.

அன்று பின்னேரம் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூக்கமா இல்லையா என்று தெரியவில்லை. வேலைக்குப் போகுமுன் படிவத்தை எடுத்து, மடிப்பை நீவி, மேசையில் அவருடைய மணிக்கூட்டுக்குக் கீழே வைத்தேன். கிளினிக் ஒன்பது மணிக்குத் திறக்கும் என்று ஓரத்தில் எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.

திங்கள் காலை ஏழே காலுக்கு வந்தபோது மாடிப்படிக்குக் கீழே அவருடைய சைக்கிள் இல்லை. அறையில் ஜன்னல் விளிம்பில் ஒட்டியிருந்த ரேப் முழுதும் உரிக்கப்பட்டு நிலத்தில் சுருண்டு கிடந்தது. ஜன்னல் முழுதாகத் திறந்திருந்தது. அதை அப்படித் திறக்க முடியும் என்றே எனக்குத் தெரியாது. படிவம் தலையணையில் இருந்தது. அதில் ‘ஒருவருமில்லை’ என்று நான் எழுதியதை வெட்டி அழுத்தமாக ஒரு கோடு. கீழே அவருடைய கையெழுத்தில், என்னைத் தவிர வீட்டிலிருந்த ஆறு பேரின் பெயர்கள். முதல் பெயர் அருட்பிரகாசம். கடைசிப் பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு மெத்தையில் கைவைத்தேன். இரண்டு வருடத்தில் முதல்தடவையாகக் குளிர்ந்திருந்தது. விரிப்பில் என்னுடைய செம்மஞ்சள் கறைக்குக் கொஞ்சம் கீழே, நிறமில்லாத இன்னொரு ஈரம், ஒரு முதுகளவு, ஜன்னல் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது.