பூனைக்குப் பின்னால் போன நாற்காலிகள்

பூனை பக்கத்து வீட்டுக்குக் குடிபோன ஒன்பதாம் நாள், கொக்கக்காவின் வீட்டு நாற்காலிகள் ஒவ்வொன்றாக அதன் பின்னால் போக ஆரம்பித்தன. முதலில் கிளம்பியது சமையலறை முக்காலி. காலை பத்து மணிக்கு, கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் வாசலில் ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட்டார். மூன்று கால்களையும் மாற்றி மாற்றி வைத்து, படியில் மட்டும் கொஞ்சம் தடுமாறி, தெருவில் இறங்கி, இடப்பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரரின் வீட்டுக்குள் போய்விட்டது. மறுநாள் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டும் ஜோடியாகப் போயின. அதற்கடுத்த நாள் கூடத்து பெஞ்சு போனது. நீளமான பெஞ்சு என்பதால் வாசலில் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது. கடைசியாகப் போனது அவள் புருஷனின் சாய்வு நாற்காலி. அதற்கு வயதாகிவிட்டதால் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் முழுக்கப் பிடித்தது.

கொக்கக்காவுக்கு இது எதுவும் தெரியவில்லை. அவள் அந்த வீட்டில் இருப்பவள்தான், கண்ணும் நன்றாகத் தெரியும். ஆனால் நாற்காலி இல்லை என்று தெரிவதற்கு ஒரு முறையாவது உட்கார நினைத்திருக்க வேண்டும் அல்லவா? அவள் புருஷன், பேருந்து ஓட்டுநர், வேலை முடிந்து வந்து வழக்கம்போலப் பின்னால் பார்க்காமலே சாய்ந்து தரையில் பொத்தென்று விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "என் நாற்காலி எங்க?" என்று அவர் தரையில் இருந்தபடியே கேட்டார். "பூனையத்தான் காணோம்னு நான் தேடிட்டிருக்கேன். நீங்க நாற்காலியக் கேக்கறீங்க" என்றாள் கொக்கக்கா.

அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது துணிக்கடைப் பெண்கள். திரைத்துணிப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக வேலை. அந்தக் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இருந்தாலும் கூடாது, ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் கூடாது. வந்தவர்கள் நாற்பது துணியைப் பிரிக்கச் சொல்லி, இதே பூ வேறு நிறத்தில் உண்டா என்று கேட்டு, சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று போய்விடுவார்கள். நாற்பதையும் நின்றபடி மடிக்க வேண்டும். அவள் ஒரு குதிகாலை மேஜைக் காலில் முட்டுக்கொடுத்து, கொக்கு மாதிரி கால் மாற்றிக் கால் நின்றே பொழுதை ஓட்டினாள். வீட்டுக்கு வந்தால் சமையல், பாத்திரம், துவைக்கிற துணி. சாப்பாடும் நின்றபடிதான், தட்டைக் கையில் ஏந்தி, அடுப்பில் ஒரு கண் வைத்து. புருஷன் ஓட்டுகிற பேருந்திலேயே கடைக்குப் போவாள்; பாதி இருக்கை காலியாக இருக்கும், அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தலைக்கு மேலே கண்ணாடி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற மனிதருக்கு அது ஒரு நாளும் கண்ணில் படவில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் பகல் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தும் உட்கார்ந்துகொள்வார்.

பூனையைக் கடைக் கிடங்கிலிருந்து அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்து வந்தவள் அவள்தான். மகள் கல்யாணமாகிப் போன பிறகு, அவள் வருகிற நேரம் தெரிந்து வாசலில் காத்திருந்த ஒரே ஜீவன் அது. ஒன்பது வருஷம் அவள் காலடியிலேயே கிடந்தது. அவள் அடுப்புக்குப் போனால் அடுப்புக்கு, குழாய்க்குப் போனால் குழாய்க்கு. கால் ஓயாமல் நடந்துகொண்டே இருந்ததால் இரண்டு முறை வாலில் மிதி வாங்கியது. அவளுடைய செருப்பின் மேல் படுத்துத் தூங்கப் பார்த்தது. செருப்பும் காலையில் கிளம்பிப் போய்விடும். ஒரு நாள் சுவர் ஏறி அந்தப் பக்கம் குதித்தது, திரும்பவில்லை. அங்கே கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்வார். அவருடைய அக்கா பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். அந்த வீட்டில் எப்போது பார்த்தாலும் இரண்டு மடிகள் தயாராக இருந்தன.

நாற்காலிகள் வந்து நின்றதில் கடிகாரக்காரருக்குப் பெரிய சங்கடம். "நாங்க கூப்பிடலைங்க. அதுங்களா வந்துச்சு" என்று ஓட்டுநரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். தலையில் சுமந்து கொண்டுவந்து திருப்பியும் கொடுத்தார். அவர் வீடு போய்ச் சேருவதற்குள் அவை அவரை முந்திக்கொண்டு போய்விட்டன. ஓட்டுநர் சாய்வு நாற்காலியின் நான்கு கால்களையும் தரையோடு சேர்த்து ஆணி அடித்தார். காலையில் ஆணிகள் மட்டும் இருந்தன. பிறகு அவரும் சலித்துப்போய், வேலை முடிந்ததும் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வருவதென்று வைத்துக்கொண்டார். தெருக்காரர்களும் அங்கேதான் கூடினார்கள். உட்கார இடம் இருந்தால் பேச்சு தானாக வந்துவிடும்.

கொக்கக்கா மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாள். மீன் தலையை வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தாள். பூனை மரியாதையாகத் திரும்பிப் பார்த்தது, சும்மா பார்க்க வந்த வாடிக்கையாளர் பார்ப்பது போல, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாள் முழுக்க ஊராருக்குத் துணி பிரித்துக் காட்டுகிறவளுக்குத் தன் பூனையைக் கூப்பிட்டு வரவழைக்கத் தெரியவில்லையே என்றிருந்தது. கடிகாரக்காரரின் அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அதுக்கு மீன் எதுக்கும்மா? மடிதான் வேணும். உள்ள வந்து அரை மணி நேரம் உக்காரு. தானா வரும்."

உட்காரத்தான் போனாள். போன பிறகுதான் தெரிந்தது, முழங்கால் மடங்கவில்லை. நாற்காலி பின்னால் இருக்கிறது, அக்கா தோளைப் பிடித்து மெல்ல அழுத்துகிறாள், உடம்பு கதவு மாதிரி நிற்கிறது. தரையில் உட்காரவும் வரவில்லை. படுப்பது மட்டும் முடியும். கட்டில் பக்கத்தில் நின்று பலகை சாய்வது போலச் சாய்ந்துவிடுவாள். டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். "காலுல ஒரு குறையும் இல்லம்மா. உக்காரப் பழக்கம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, கால் மடங்கவில்லை. அவளும் விட்டுவிட்டாள். இப்படி இரண்டு வருஷம் போனது. அந்த இரண்டு வருஷமும் கடையிலிருந்து வந்ததும் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்று, அடுத்தவர் மடியில் தூங்குகிற பூனையைப் பார்த்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் பூனை சாப்பாட்டை நிறுத்தியது. பால் வைத்தால் முகர்ந்துவிட்டு நகர்ந்தது. யார் மடியிலும் ஏறவில்லை, நாற்காலிகளுக்கு நடுவே தரையில் சுருண்டு கிடந்தது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை அக்காவே வந்து கூப்பிட்டாள். "ஒரு தடவை வந்து பாத்துரும்மா. அப்புறம் மனசு கேக்காது." கொக்கக்கா ஈரக்கையைத் துடைக்காமலே போனாள்.

கூடத்தில் அவள் வீட்டு நாற்காலிகள் எல்லாம் இருந்தன. சாய்வு நாற்காலியில் ஓட்டுநர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பூனை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது, தலையைத் தூக்க முடியவில்லை. கொக்கக்கா முக்காலியில் உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. பெஞ்சில், சிவப்பு நாற்காலியில், எதிலும் முடியவில்லை. கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். கடைசியில் பார்வை புருஷனிடம் வந்து நின்றது. வெகு நேரம் பார்த்தாள். தராசில் ஒரு தட்டு எப்போதும் கீழேயே இருந்தால் மறு தட்டு என்ன செய்யும் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"நீங்க எந்திரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் அப்படி ஒன்று சொன்னதில்லை. ஓட்டுநர் காது கேட்காதவர் போல, "என்னது?" என்றார்.

"எந்திரிச்சு நில்லுங்க. யாராவது ஒருத்தர் நிக்கணும். இன்னைக்கு நீங்க நில்லுங்க."

அவர் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். அவர் முதுகு நிமிர நிமிர அவள் முழங்கால்கள், பழைய கதவு திறக்கிற சத்தத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக மடங்கின. அவர் நேராக நின்றபோது அவள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் போன காய்கறிக்காரரும் வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாகப் பார்த்தார். பூனை தரையில் இழுத்து இழுத்து வந்து, அவள் காலடியில் நின்று, இரண்டு முறை முயன்று மூன்றாம் முறை மடியில் ஏறியது. ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, படுத்து, பதினொரு வருஷமாகத் தேடிய இடம் இதுதான் என்பதுபோல மூக்கை வாலுக்குள் வைத்துக்கொண்டது. கொக்கக்கா அழுதாள். பூனைக்காக மட்டும் அழவில்லை, பத்தொன்பதும் இரண்டும் இருபத்தொரு வருஷக் களைப்பு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டது. அழுதபடியே தூங்கிப்போனாள். வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் இருபத்தொரு நாள் தூங்கினாள்.

இரண்டாம் நாள் பூனை மடியிலிருந்து இறங்கிப் பால் குடித்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டது. கடை மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டுப் போக வந்தார். அவர் வீட்டிலும் பூனை உண்டு. மடியில் பூனை தூங்கும்போது ஆளை எழுப்பக் கூடாது என்று தெரிந்த மனிதர். வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அவள் விழித்த பிறகு உட்கார்ந்தே செய்யும்படி, கடை அவளுக்குத் திரைத்துணி ஓரம் தைக்கிற வேலையைக் கொடுத்தனுப்பியது. ஓட்டுநருக்கு அன்றிலிருந்து உட்கார வரவில்லை. பேருந்தை நின்றுகொண்டே ஓட்டினார். போக்குவரத்து அலுவலகம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பியது, பதில் கிடைத்ததும் கூரை உயரமான வண்டியாகப் பார்த்து ஒதுக்கியது. பயணிகள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் வாரம் சில்லறைக்குச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் விழித்த அன்று சாயங்காலம், வேலை முடிந்து வந்த ஓட்டுநர் நின்றபடியே சோறு வடித்து, நாலு கரண்டி தட்டில் போட்டு, பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போனார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு குதிகாலைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்று, அவள் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத்தனை வருஷம் எப்படி நின்ன?" என்று கேட்டார். குரல் உடைந்து கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

கொக்கக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. "மெல்லப் பேசுங்க, பூனை தூங்குது" என்றாள்.

அவர் தலையாட்டினார். தட்டு காலியாகும்வரை நின்று, வாங்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தார்.